கழன்றுபோகும் சாயம்

உப்பளப் பாத்தியில் நீர் சுண்டச் சுண்ட ஏறும் செம்மைக்குக் காரணம், கடும் உப்பிலும் வாழும் நுண்ணுயிர்கள். குமரி மாவட்டத்துச் சுவாமித்தோப்பு, புத்தளம் பக்கத்தாருக்கு உப்பைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால், உப்பில் வாழும் பாக்டீரியா ஒன்றின் புரதம்தான் இன்று உயிருள்ள செல்லுக்குள் நடப்பதைப் பார்க்க உதவுகிறது என்பது புதுச்செய்தியாக இருக்கலாம். ஹாலோரோடோஸ்பைரா ஹாலோஃபிலா என்ற அந்தப் பாக்டீரியா அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துச் சம்மர் ஏரியில் கிடைத்தது. நீல ஒளி பட்டால் விலகி நீந்தும். அந்த ஒளியை உணர்வதாகக் கருதப்படும் மஞ்சள் புரதத்தை டெரி மேயர் 1985-இல் விவரித்தார். பாரிசில் அர்னோ கோத்தியே குழுவினர் அதைத் திருத்தியமைத்து, 2016-இல் 'ஃபாஸ்ட்' என்ற ஒளிர் அடையாளமாக வெளியிட்டார்கள். ஆராய வேண்டிய புரதத்தோடு மரபணு வழியே இதை இணைத்துவிட்டு, வெளியிலிருந்து சாயம் சேர்க்கிறார்கள். தனியே திரியும் சாயம் ஏறக்குறைய இருண்டே கிடக்கும். ஃபாஸ்டில் அமர்ந்ததும் ஒளிரும். ஒரு நொடிக்குள் கழன்றும் போகும்.

இப்படிக் கழன்றுபோவதைக் குறை என்றே எண்ணத் தோன்றும். நுட்பமாகவும் நெடுநேரமும் பார்ப்பதற்கு அதுவே பெரிய வசதி என்பது என் கணிப்பு. ஏறத்தாழ 200 நானோமீட்டருக்கும் நெருக்கமான இரு புள்ளிகளைச் சாதாரண ஒளி நுண்ணோக்கி பிரித்துக் காட்டாது. 2014-இல் நோபல் பரிசு பெற்ற ஸ்டெஃபான் ஹெல்லின் 'ஸ்டெட்' முறை அந்த எல்லையைத் தாண்டியது. ஆனால் அதற்குக் கடுமையான லேசர் ஒளி வேண்டும், அந்த ஒளியில் சாயம் வெளுத்துவிடும். நிரந்தரமாகப் பிணைந்த சாயம் வெளுத்தால் புரதமும் கண்ணிலிருந்து மறையும். கழலும் சாயம் வாடகை சைக்கிள் மாதிரி: பழுதானது போனால் அடுத்தது வரும். 2008-இல் வெளிவந்த 'ஹாலோடேக்' என்ற அடையாளப் புரதம், சாயத்தை விடாமல் பிடித்துக்கொள்வதற்கென்றே உருவாக்கப்பட்டது. அதற்கே கழன்றுபோகும் சாயங்களை ஹைடல்பெர்க்கில் காய் யோன்சன் குழுவினர் உருவாக்கி 2023-இல் வெளியிட்டார்கள் என்பதைவிட வலுவான சாட்சி வேண்டுமா?

சுற்றிலும் மிதக்கும் சாயம் படத்தைக் கலக்காதா என்று கேட்கலாம். எப்போதும் ஒளிரும் சாயமாக இருந்தால் கலக்கும். ஃபாஸ்டின் சாயம் அமர்ந்தால் மட்டுமே ஒளிர்வதால் அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. ஜெல்லி மீனிலிருந்து வந்த பச்சை ஒளிர்புரதம் வெளிச்சாயமே கேட்பதில்லையே என்பது இன்னும் நியாயமான வாதம். எளிமையில் அதை மிஞ்ச முடியாதுதான். ஆனால் அதில் 238 அமினோ அமிலங்கள், ஃபாஸ்டில் 125. தவிர, பச்சைப் புரதம் ஒளிரத் தொடங்க ஆக்சிஜன் வேண்டும், ஃபாஸ்டுக்கு வேண்டாம்; காற்றில்லாமல் வாழும் கிருமிகளை ஆராய்பவருக்கு இது சின்ன விஷயமில்லை. ஒரே மூலக்கூறை விடாமல் பின்தொடர்வதற்கும், பழைய புரதத்தையும் புதியதையும் பிரித்தறிவதற்கும் நிரந்தரச் சாயமே ஏற்றது. அங்கே கழலும் சாயத்துக்கு வாதாட மாட்டேன்.

நம் அளங்களிலும் இப்படியொரு புரதம் காத்திருக்கிறது என்று சொல்ல ஆதாரமில்லை. ஆனால் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் மையம் இராஜாக்கமங்கலத்திலேயே இருக்கிறது. பாத்தி நீரை எடுத்துத் தேடிப் பார்க்க அங்கிருந்து அதிக தூரம் போக வேண்டியதில்லை.