ஸ்பீக்கர் கரகரக்கிறதா? தூக்கிப் போடும் முன் இதைப் படியுங்கள்!

ஆசை ஆசையாக வாங்கிய ஹோம் தியேட்டர். பத்து, பதினைந்து வருடம் வீட்டின் எல்லா விசேஷங்களுக்கும் பாடிய பெட்டி. ஒருநாள் பாட்டுப் போட்டால் ‘கர்... கர்...’ என்கிறது. “பழசாயிடுச்சு, அவ்வளவுதான்” என்று அது பரணுக்குப் போகும். அங்கிருந்து காயலான் கடைக்குப் போகும்.

பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான். ஆனால், அப்படித் தூக்கிப் போடும் பெட்டியில் மேக்னட் நன்றாக இருக்கும், மரப்பெட்டி நன்றாக இருக்கும், வயர்களும் நன்றாகவே இருக்கும். கெட்டுப்போனது விளிம்பில் இருக்கும் ஒரு ஃபோம் வளையமாகவோ, கழன்ற ஒரு வயராகவோ இருக்கலாம். ஸ்பீக்கர்கள் வயதாகி ஓய்வதைவிட, நம் பழக்கங்களால் பாழாவதுதான் அதிகம்.

உள்ளே என்னதான் நடக்கிறது?

ஸ்பீக்கரின் முன்பக்கம் புனல் மாதிரி தெரிகிறதே, அதுதான் கோன். அதன் பின்னால் மெல்லிய கம்பியைச் சுற்றிய ‘வாய்ஸ் காயில்’ ஒட்டப்பட்டிருக்கும். அது மேக்னட்டின் குறுகிய இடைவெளிக்குள் உட்கார்ந்திருக்கும். ஆம்ப்ளிஃபையரிலிருந்து மின்சாரம் வரும்போது காயில் முன்னும் பின்னும் அசையும். கோனும் அதோடு சேர்ந்து அசைந்து காற்றைத் தள்ளும். அதுதான் நமக்குப் பாட்டாகக் கேட்கிறது. அமெரிக்காவில் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இரு பொறியாளர்கள் 1925-ல் வெளியிட்ட வடிவம் இது. இன்றைய வீட்டு ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை அதே அடிப்படையில்தான் இயங்குகின்றன.

இதில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. ஸ்பீக்கருக்குள் போகும் மின்சாரத்தில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் சத்தமாக மாறுகிறது. மீதி அத்தனையும் வெப்பம்! அந்தச் சூட்டைத் தாங்குவது தலைமுடி போன்ற மெல்லிய கம்பியும், அதை ஒட்டியிருக்கும் பசையும்தான். சூடு எல்லை மீறினால் பசை இளகும், காயில் கோணும், கடைசியில் கருகும்.

சின்ன ஆம்ப், பெரிய ஆபத்து

“என் ஆம்ப் சின்னதுதான். முழுசா வெச்சாலும் ஸ்பீக்கருக்கு ஒண்ணும் ஆகாது” என்று நினைப்பவர்கள் நிறைய பேர். உண்மையில் ஆபத்தே அங்கேதான் இருக்கிறது.

சக்திக்கு மீறி வேலை வாங்கினால், ஆம்ப் ஒலி அலையின் உச்சியை வெட்டிவிட்டு அனுப்பும். இதை ‘கிளிப்பிங்’ என்பார்கள். இப்படி வெட்டுப்பட்ட ஒலி ஸ்பீக்கருக்குக் கூடுதல் சூட்டைக் கொடுக்கும். முதலில் பலியாவது, மெல்லிய ஓசைகளைத் தரும் சிறிய ட்வீட்டர். போதிய சக்தியுள்ள ஆம்பை அளவாக வைத்துக் கேட்பது, சின்ன ஆம்பைக் கடைசிவரை திருகிக் கேட்பதைவிடப் பாதுகாப்பானது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. சத்தம் காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற வேண்டுமென்றால், ஆம்ப் சுமார் பத்து மடங்கு சக்தியைத் தர வேண்டும். ‘இன்னும் கொஞ்சம்’ என்று வால்யூமைத் திருகும்போது ஸ்பீக்கர் மேல் ஏறும் சுமை ‘கொஞ்சம்’ அல்ல. பாஸையும் முழுசாக ஏற்றி வைத்திருந்தால் சுமை இன்னும் கூடும்.

குரல் கரகரத்தாலோ, ‘ச’, ‘ஸ’ ஓசைகள் காதைக் கிழித்தாலோ, அது ஸ்பீக்கர் விடும் எச்சரிக்கை. உடனே வால்யூமைக் குறையுங்கள். காதுக்கும் அதுதான் நல்லது.

கரன்ட் போனால் வால்யூமைக் குறைத்து, ஆம்பை ஆஃப் செய்துவிடுங்கள். ஆன் செய்யும்போது டி.வி, பிளேயரை முதலிலும் ஆம்பைக் கடைசியிலும் போடுங்கள். அணைக்கும்போது ஆம்பை முதலில் அணையுங்கள். ‘டமார்’ என்ற அந்த ஓசை ஸ்பீக்கருக்கு விழாது.

ஈரமும் வெயிலும்

கோனின் விளிம்பைச் சுற்றி வளையம் ஒன்று இருக்கும். சிலவற்றில் ஃபோம், சிலவற்றில் ரப்பர், சிலவற்றில் துணி. இதில் ஃபோமுக்குத்தான் ஆயுள் குறைவு. காற்றில் உள்ள ஈரமே அதை மெள்ள மெள்ள அரிக்கும். பத்து, இருபது வருடங்களில் தொட்டாலே உதிரும். சும்மா வைத்திருந்தாலும் இது நடக்கும். கடலோர ஊர்களின் புழுக்கமும் ஜன்னல் வெயிலும் அதை இன்னும் சீக்கிரமாக்கும். உப்புக்காற்று வயர் முனைகளையும் துருப்பிடிக்க வைக்கும்.

வெயில் நேரடியாக விழும் இடத்திலும், ஓதம் ஏறும் சுவரை ஒட்டியும் ஸ்பீக்கரை வைக்காதீர்கள். தரையில் வைத்திருந்தால் அடியில் சிறு ஸ்டாண்டு கொடுங்கள். பல பெட்டிகள் மரத்தூளை அழுத்திச் செய்த பலகையால் ஆனவை. வீடு துடைக்கும் தண்ணீர் தினமும் பட்டால் ஊறி உப்பிவிடும். பெட்டியின் மேல் பூச்சாடி வைப்பதும் வேண்டாம்.

சுத்தம் செய்யும் நாளில்...

பொங்கலுக்கும் ஆயுத பூஜைக்கும் வீட்டைக் கழுவித் துடைக்கும்போதுதான் பல ஸ்பீக்கர்கள் அடிபடுகின்றன. கோனை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. ஸ்ப்ரே அடிக்கக் கூடாது. வேக்குவம் கிளீனரைக் கிட்டே கொண்டுபோகவே கூடாது. மென்மையான, காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் மெதுவாகத் தூசி தட்டினால் போதும். ட்வீட்டரை விரலால்கூடத் தொடாதீர்கள். சந்தனம், குங்குமம் வைப்பதென்றால் மரப்பெட்டியில் வையுங்கள்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் முன்பக்க வலையைக் கழற்றி வைக்காதீர்கள். நடுவில் உருண்டையாகத் தெரியும் மூடியை அமுக்கிப் பார்க்காத குழந்தை கிடையாது!

ப்ளூடூத் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கு...

இதில் பெரும்பாலும் முதலில் களைப்பது பேட்டரி. சார்ஜ் முழுவதும் தீரும்வரை விடாதீர்கள். பல மாதம் பயன்படுத்தப் போவதில்லை என்றால், பாதி சார்ஜில் எடுத்து வையுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். ‘ஐபிஎக்ஸ் 7’ என்று போட்டிருந்தால், ஒரு மீட்டர் ஆழ நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். கடல் நீருக்கும் சோப்புத் தண்ணீருக்கும் அது உத்தரவாதம் அல்ல.

கெட்டது எது? வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்

* ஒரு பக்கம் மட்டும் கரகரத்தால், ஆம்பை அணைத்துவிட்டு இடது, வலது ஸ்பீக்கர் வயர்களை மாற்றிச் செருகுங்கள். கரகரப்பு அடுத்த பெட்டிக்குத் தாவினால், ஸ்பீக்கர் மேல் குற்றமில்லை; ஆம்பையும் அதற்கு வரும் வயர்களையும் பாருங்கள். அதே பெட்டியில் நின்றால் ஸ்பீக்கரையோ அதன் வயரையோ பார்க்க வேண்டும்.

* வால்யூமைத் திருகும்போது மட்டும் கரகரத்தால், பெரும்பாலும் அந்தத் திருகிக்குள் புகுந்த தூசிதான் காரணம்.

* வயர் முனையில் ஒரு பிரி நீட்டிக்கொண்டு பக்கத்து முனையைத் தொட்டால் ஆம்ப் கெடும். முறுக்கி, இறுக்கிச் செருகுங்கள்.

* வலையைக் கழற்ற முடிந்தால், ஃபோம் வளையத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். பிசுபிசுப்பு, விரிசல், உதிர்வு தெரிந்தால் அந்த ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்பதை நிறுத்துங்கள்.

கடைசியாகச் சொன்னதுதான் மிக முக்கியம். வளையம் கிழிந்த ஸ்பீக்கரும் கொஞ்ச நாள் பாடும். ஆனால், பிடிமானம் போன கோன் கோணலாக அசைந்து, காயில் மேக்னட்டில் உரசத் தொடங்கும். வளையம் மட்டும் போயிருந்தால் புதிதாக ஒட்டிவிடலாம். காயிலும் தேய்ந்துவிட்டால் கோன், காயில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், செலவும் ஏறும்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற எலெக்ட்ரானிக்ஸ் கடைவீதிகளில் விசாரியுங்கள். ஊர்த் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டும் சவுண்ட் சர்வீஸ்காரர்களுக்கும் ரிப்பேர் செய்பவர்களைத் தெரிந்திருக்கும். செலவு எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். புதுசு வாங்குவதா, பழசைச் சரிசெய்வதா என்று அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.