வெடித்த சுவரும் சுண்ணச் சாந்தும்

யாழ்ப்பாணத்து ஊர்களிற் பழைய கல்வீடுகள் இன்னும் பல எஞ்சி நிற்கின்றன. நாற்சார் வீடுகளும், முன்விறாந்தையும் தூண்களும் உடைய ஓட்டு வீடுகளுமாகிய இவற்றுட் சில நம் பழைய மாணவர் பிறந்து வளர்ந்த வீடுகளாம். உரியவர் கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழ, வீடு ஓர் உறவினரின் பார்வையிலோ பூட்டுக்குள்ளோ கிடக்கிறது. விடுமுறைக்கு வந்தவர் சுவரில் வெடிப்பைக் காண்கிறார். அடியிற் பூச்சு உதிர்ந்து கல் வெளித்தெரிவதைக் காண்கிறார். மனம் நொந்து, பணமுங் கொடுத்து, "எல்லாவற்றையும் கொத்தி விழுத்திச் சீமெந்து பூசி விடுங்கோ" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறுகிறார். வீட்டின்மேல் உள்ள அன்பினாற் செய்யும் இவ்வேலையே வீட்டைக் கெடுக்கும் வேலையாக முடிகிறது. அஃது எவ்வாறு என்பதை விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கம்.

யான் தமிழாசிரியன், கட்டடக் கலைஞன் அல்லன். ஆயினும் இத்தவற்றை என் வீட்டிலேயே செய்து, அதன் பயனையுங் கண்டு, முதிய மேசன் ஒருவரிடம் பாடங் கேட்டுத் திருந்தியவன். அந்த உரிமை பற்றியே இதனை எழுதத் துணிந்தேன்.

முதலில் நம் பழைய சுவர் எதனால் ஆயது என்பதை அறிதல் வேண்டும். குடாநாட்டின் அடித்தளம் முழுவதும் மயோசீன் காலத்துச் சுண்ணக்கல். நிலத்தை அகழ்ந்த இடமெல்லாம் கல் கிடைத்தது. அக்கல்லையே சூளையிற் சுட்டபோது சுண்ணாம்பும் கிடைத்தது. கரையோரங்களில் முருகைக்கல்லும் பயன்பட்டது. ஒழுங்கற்ற கற்களை ஓர் அடிக்கு மேற்பட்ட பருமனில் அடுக்கி, இடைவெளிகளைச் சுண்ணச் சாந்தாலோ களிமண்ணாலோ நிரப்பி, இருபுறமுஞ் சுண்ணச் சாந்து பூசியதே நம் முன்னோர் கட்டிய சுவர். கல்லும் நுண்டுளை உடையது. சாந்தும் நுண்டுளை உடையது. ஈரத்தை உறிஞ்சுவதும் வெயிலில் அதனை விடுவதும் இச்சுவரின் இயல்பு.

சுண்ணக்கல்லை ஏறத்தாழ 900 பாகை செல்சியசு வெப்பத்திற் சுட்டால் அதிலுள்ள காபனீரொட்சைட்டு வெளியேறும். தூய கல்லாயின் 100 கிலோவில் 44 கிலோ காற்றோடு போக, 56 கிலோ நீறாத சுண்ணாம்பு எஞ்சும். அதனை நீரில் இட்டாற் கொதித்துப் பிளந்து நீறும். நீறு என்னுஞ் சொல்லைச் சற்று எண்ணிப் பார்க்க. சாம்பலும் நீறு, நெற்றியில் அணிவதும் நீறு, நீறிய சுண்ணாம்பும் நீறு. சாந்து என்னுஞ் சொல்லும் அத்தகையதே: மார்பிற் பூசுவதும் சாந்து, சுவரிற் பூசுவதும் சாந்து. வகுப்பறைப் பழக்கம் என்னைச் சொல்லின் பின்னே இழுக்கிறது, பொருளுக்கு மீள்வோம்.

சுவரிற் பூசிய சுண்ணாம்பு, சூளையில் இழந்த காபனீரொட்சைட்டைக் காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்பப் பெற்று மீண்டுங் கல்லாகிறது. ஆய்வுகூடத்திற் சுண்ணாம்பு நீருக்குட் குழாயால் மூச்சை ஊதியபோது அது பாலாய் மாறியதை மாணவர் எவரும் மறந்திரார். அவ்வெண்மை கல்சியங் காபனேற்று. சுவரில் நிகழ்வதும் அதுவே. குழாயில் ஒரு நிமிடத்தில் முடிவது சுவரிற் கிழமைக்கணக்கும் மாதக்கணக்கும் எடுக்கும் என்பதே வேறுபாடு. இவ்வாறு இறுகிய சாந்து மென்மையானது. சுவர் சிறிது அசைந்தால் தானும் சிறிது இணங்கும். மயிரிழை போன்ற வெடிப்பினுள் மழைநீர் புகுந்தால் அது சிறிது சுண்ணாம்பைக் கரைத்து, உலரும்போது அவ்வெடிப்பிலேயே படியவிட்டு அதனை அடைப்பதும் உண்டு.

சீமெந்தின் இயல்பு வேறு. இங்கிலாந்தில் யோசேப்பு அசுப்டின் என்பவர் 1824 இற் போட்லாந்துச் சீமெந்துக்கு உரிமைப்பத்திரம் பெற்றார். நம் நாட்டிற் காங்கேசன்துறைத் தொழிற்சாலை 1950 இல் உற்பத்தியைத் தொடங்கியது. நம் ஊர்ச் சுண்ணக்கல்லே சீமெந்தாகி நம் ஊர்ச் சுவர்களை மூடத் தொடங்கியது. 1990 இற் போரினால் அத்தொழிற்சாலை ஓய்ந்தது. சீமெந்துப் பழக்கம் ஓயவில்லை. சீமெந்துக் கல்லாற் கட்டிய புதுவீட்டுக்குச் சீமெந்துப் பூச்சுப் பொருத்தமே. அதனை யான் குறைகூறவில்லை. ஆயின் அது விரைந்து இறுகும், வன்மையுடையது, இணங்காதது, ஈரத்தை எளிதில் வெளியே விடாதது. மென்மையான பழஞ்சுவர்மேல் அதனைப் பூசும்போது சுவர் ஒரு வழியும் பூச்சு ஒரு வழியுமாய் அசைகின்றன. இடையிற் பிளவு விழுகிறது. பிளவு வழியே உட்புகுந்த மழைநீர் வெளியே வர வழியின்றித் தங்குகிறது.

இதனினும் பெரிய பகை உவர். நிலத்தடி ஈரம் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோற் சுவரினூடே மேலேறுகிறது. ஏறும்போது உப்பையுங் கொண்டுவருகிறது. ஈரம் எவ்விடத்தில் ஆவியாகிறதோ அவ்விடத்தில் உப்புப் பளிங்காக உறைந்து, நுண்டுளைகளை உள்ளிருந்து நெருக்கி உடைக்கிறது. சுண்ணச் சாந்து பூசிய சுவரில் ஆவியாதல் பூச்சின் முகத்தில் நிகழும். ஆதலின் உதிர்வது பூச்சு. பூச்சு உதிர்ந்தால் மீளப் பூசலாம். சீமெந்து பூசிய சுவரிலோ, ஈரம் பூச்சின் பின்னே கல்லில் தங்கி உப்பை இறக்கும். அல்லது சீமெந்து முடியும் உயரத்துக்கு மேலே ஏறிப் பூக்கும். அப்போது உதிர்வது கல். சுண்ணப் பூச்சு உதிர்வதைப் பூச்சின் குற்றம் என்று கருதுவோர் பலர். தான் உதிர்ந்து கல்லைக் காப்பதே அதன் தொழில் என்பதை அவர் உணரார்.

என் பாட்டனார் வீட்டின் முன்சுவரில் அடிப்பகுதி நாலடி உயரத்துக்குப் பூச்சு உதிர்ந்திருந்தது. 2011 ஆம் ஆண்டில் அதனைச் சீமெந்தால் உறுதியாகப் பூசுவித்தேன். முதல் மாரியில் ஒன்றுந் தெரியவில்லை. மூன்றாம் மாரி கழிந்தபின் சீமெந்து விளிம்புக்கு மேலே, அதுவரை பழுதற்றிருந்த இடத்தில், வெண்பூப் போல உப்புப் படர்ந்தது. சீமெந்தை விரலால் தட்டினேன். வெறும் பானையின் ஓசை எழுந்தது. வந்து பார்த்த மேசனார் சிரித்தார். "மாஸ்ரர், சுவர் வேர்க்குது. வேர்க்கிற உடம்புக்கு மழைக்கோட்டுப் போட்டு விட்டியள்" என்றார். சீமெந்தை உடைத்தெடுத்தபோது அதனோடு ஒட்டிக்கொண்டு கல்லின் முகமும் பெயர்ந்து வந்தது. இழந்த கல் இழந்ததே.

இனி வெடிப்பைப் பார்க்கும் முறை. மேற்பரப்பில் வலைபோற் பரந்த மயிரிழை வெடிப்புகள் பூச்சு உலர்ந்து சுருங்கியதால் வந்தவை. அவற்றுக்கு அஞ்ச வேண்டா. சுவரின் மூலையிலிருந்து சரிவாக, படிக்கட்டுப் போல இறங்கும் வெடிப்பு அத்திவாரம் ஒரு பக்கம் தாழ்ந்ததைக் காட்டக்கூடும். நிலைக்கும் யன்னலுக்கும் மேலே தோன்றுவது, அங்கு இட்ட மரத்தைக் கறையான் தின்றதன் அறிகுறியாகலாம். சுவரின் மேல்விளிம்பை ஒட்டிக் கிடையாக ஓடுவது கூரைமரத்தின் தள்ளுகையால் விளைந்திருக்கலாம். வெடிப்பின் இரு முனைகளிலும் பென்சிலாற் கோடிட்டுத் திகதி எழுதி வைக்க. குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டொன்றை இருபுறமும் சாந்தால் ஒட்டி வைப்பதும் நன்று. வெடிப்பு வளர்ந்தாற் கண்ணாடி உடைந்து உண்மை கூறும். ஒரு கோடையும் ஒரு மாரியும் கழியும்வரை பார்த்திருத்தல் தகும். சுவர் தூக்குக்குண்டுக்கு விலகிச் சாய்ந்திருப்பினும், வெடிப்பு விரல் நுழையும் அளவு அகன்றிருப்பினும், அது சாந்தாற் தீரும் நோயன்று. பொறியியலாளரை அழைத்தல் வேண்டும்.

போர் விட்டுச்சென்ற காயங்கள் தனிவகை. எறிகணைச் சிதறல்கள் சுவருக்குள் இன்னுங் கிடப்பின் அவ்விரும்பு துருவேறிப் பருத்துப் பூச்சைத் தள்ளும். அவற்றை அகற்றாமற் பூசுதல் வீண். வலிகாமம் வடக்கிற்போல ஆண்டுக்கணக்காகக் கூரையின்றி நின்ற வீடுகளிற் சுவரின் தலைவழியே மழை இறங்கி உட்சாந்தையே கரைத்திருக்கும். அரசும் ஆலும் வேரோடியிருக்கும். பச்சை மரத்தைப் பிடுங்கினால் வேரோடு கல்லும் வரும். வெட்டிப் பட்டுப்போகச் செய்தபின்பே வேரை எடுத்தல் வேண்டும்.

பூசத் தொடங்குமுன் ஈரம் வரும் வழியை அடைத்தல் முதற் கடமை. உடைந்த ஓடு, ஒழுகும் பீலி, சுவரோரத்துக் குழாய் ஆகியவற்றைப் பார்க்க. பல வீடுகளில் முற்றம் ஆண்டுதோறும் மண்போட்டு உயர்ந்து, வீட்டுத் தளத்தின் மட்டத்துக்கே வந்துவிட்டது. சுவரோரம் அரையடியாவது தாழ்த்தி, நீர் அப்பால் ஓடும்படி சரிவு செய்தாற் பாதி நோய் தீரும். சுவரை ஒட்டி முற்றத்துக்குச் சீமெந்து போடுவது நிலத்து ஈரம் முழுவதையும் சுவருக்கு அனுப்புவதற்கு ஒப்பாகும்.

சுண்ணாம்பைத் தேடுவதே இக்காலத்தில் அரிய வேலை. கடலோரப் பவளப்பாறையை அகழ்ந்து சுடுதல் சட்டவிரோதம்; ஆதலின் நிலத்துச் சுண்ணக்கல்லிற் சுட்டதையே பெறுக. நெடுநாள் காற்றுப்பட்டுக் கிடந்த பொடி முன்பே கல்லாகிவிட்டது. வெள்ளையாய் இருந்தும் பிடிக்காது. நீறாத சுண்ணாம்பை நீற்றும்போது நீரிற் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாக இடுக. சுண்ணாம்பின்மேல் நீரை ஊற்றற்க. அது கொதித்துத் தெறிக்கும். கண்ணிற் பட்டாற் பார்வை போகும். கண்ணாடியும் கையுறையும் இன்றிக் கிட்டப் போகலாகாது. தெறித்துவிட்டால் உடனே நன்னீரால் இருபது நிமிடம் இடைவிடாது கழுவி மருத்துவமனைக்குச் செல்க. நீறியதை அரிதட்டில் அரித்து, நீர் மேலே நிற்க ஒரு மாதமாவது, கூடுமாயின் மூன்று மாதம் மூடிவைத்தால் வெண்ணெய்போன்ற களியாகும்.

அக்களி ஒரு பங்குக்கு மணல் மூன்று பங்கு. மணல் கூர்மையுடையதாய், பருமனும் நேர்மையும் கலந்ததாய் இருத்தல் நன்று. உவர்ப்புத் தட்டினால் நன்னீரிற் பலமுறை அலசுக. ஈரம் நீங்காத இடத்துக்கு இளஞ்சூட்டிற் சுட்ட செங்கலை இடித்த தூள் சிறிது சேர்த்தாற் சாந்து ஈரத்திலும் இறுகும். பனங்கட்டி நீரையும் கடுக்காய் ஊறிய நீரையும் பழையோர் கலந்தனர். சர்க்கரை சுண்ணாம்பை நீரில் மிகுதியாகக் கரையச் செய்யும் என்பது உண்மை. ஆயின் அளவு மிஞ்சினால் இறுகுதல் தடைப்படும். "விரைவாய்ப் பிடிக்கட்டும்" என்று ஒரு கைப்பிடி சீமெந்து சேர்ப்போரை மட்டும் தடுத்து விடுக.

வெடிப்பின் இருபுறமும் தட்டிப் பார்த்து, வெற்றோசை கேட்கும் பகுதி முழுவதையும் உளியால் மெல்ல நீக்குக. உறுதியாய் ஒட்டியிருக்கும் பழம்பூச்சைத் தொடற்க. வெட்டும் விளிம்பு உள்ளே அகன்றும் வெளியே ஒடுங்கியும் இருந்தாற் புதிய சாந்து பற்றிக்கொள்ளும். தூசைத் துலக்கி, சுவரை முதல்நாள் மாலையிலும் பூசுமுன்னரும் நனைக்க. உலர்ந்த கல் சாந்தின் நீரை உறிஞ்சிவிட்டாற் பூச்சுப் பொடியாகும். ஆழமான குழியைச் சாந்தால் மட்டும் நிரப்பாது கற்சில்லுகளை இடையிடையே பதித்து நிரப்புக. பின்னர் 10 மில்லிமீற்றருக்கு மேற்படாத படை ஒன்றைச் சாந்தகப்பையால் அழுத்திப் பூசி, முகத்தைக் கீறி விடுக. அது இறுகும்போது தோன்றும் சிறு வெடிப்புகளை மட்டப்பலகையால் மீள அழுத்துக. ஒரு கிழமைக்கு மேல் விட்டு அடுத்த படை. கடைசிப் படை மெல்லியது, அதற்கு நுண்மணல். ஒவ்வொரு படைக்கும் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு நாள்தோறும் நீர் தெளிக்க. மாரியிலும், சோளகக் காற்று வீசும் வெங்கோடையிலும் இவ்வேலை தொடங்கலாகாது. தை பிறந்து பங்குனிக்குள் முடிப்பது நலம்.

முடிந்தபின் பிளாத்திக்குப் பூச்சு வகைகளைப் பூசினாற் செய்ததெல்லாம் பாழ், அவையும் மழைக்கோட்டே. சுண்ணாம்பு வெள்ளையே ஏற்றது. பொங்கலுக்கு முன் வீடுதோறும் வெள்ளையடித்த வழக்கத்தை நாம் அலங்காரம் என்று எண்ணியிருந்தோம். ஆண்டுதோறும் அடித்த அந்நீர்த்த சுண்ணாம்பு மயிரிழை வெடிப்புகளை அடைத்து, ஓராண்டுத் தேய்வை ஈடுசெய்தது.

இவ்வேலைக்குக் கூலி குறைவன்று. நாளோ சீமெந்து வேலையினும் பன்மடங்கு. வெளிநாட்டிலிருந்து 3 கிழமை விடுமுறையில் வந்து முடித்துப் போகக்கூடியதன்று. களியை முன்னாண்டே நீற்றி வைக்கச் சொல்லி ஒருவரைப் பொறுப்பாக விட்டாற் கைகூடும். என் வீட்டு முன்சுவரைச் சுண்ணத்தாற் பூசி ஏழாண்டு ஆகின்றது. அடியில் ஒரு முழ அகலத்தில் மீண்டும் உதிரத் தொடங்கியுள்ளது. கல் பழுதின்றி இருக்கிறது. பின்வளவிற் பீப்பாவொன்றிற் களி மூடிக் கிடக்கிறது. மேசனாரின் மகன் தையில் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.