பாக்கி வீட்டோடு வரும்

திருச்சி பெல் (பி.எச்.இ.எல்.) நிறுவனத்திலிருந்து ஹைதராபாத்தின் ராமச்சந்திராபுரம் பெல்லுக்கு மாற்றலாகி வரும் குடும்பங்களுக்கு, டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருக்கும் வரை சொத்து வரி கண்ணில் படுவதில்லை. ஓய்வு பெற்று, பக்கத்தில் அசோக் நகரிலோ சந்தாநகரிலோ ஒரு ஃப்ளாட் வாங்கும்போதுதான் அது வாசலுக்கு வருகிறது. அதுவும் பெரும்பாலும் ஏற்கெனவே ஒருவர் குடியிருந்து விற்ற ஃப்ளாட். பில்லில் இந்த ஆண்டு வரிக்குப் பக்கத்திலேயே ‘நிலுவை’, ‘வட்டி’ என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியவை அந்த இரண்டும்தான்.

வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தால் எல்லாம் சரி என்று பலரும் நம்பிவிடுகிறார்கள். பதிவான பத்திரங்களைத்தான் அந்தச் சான்று காட்டும்; வரிப் பாக்கி அதில் வராது. ஆனால் 1955-ஆம் ஆண்டின் ஹைதராபாத் மாநகராட்சிச் சட்டப்படி, சொத்து வரி அந்தக் கட்டடத்தின் மீதான முதல் பொறுப்பு. விற்றவர் ஊரை விட்டே போனாலும் பாக்கி கட்டடத்தோடு நிற்கும்.

இப்படி ஒரு வழக்கு ஆமதாபாத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போனது. ஏலத்தில் சொத்து வாங்கியவரிடம், முன்னாள் உரிமையாளர் வைத்த வரிப் பாக்கியை மாநகராட்சி கேட்டது. பாக்கி இருப்பதே தெரியாமல் வாங்கியவர் மீது அந்தப் பொறுப்பைச் சுமத்த முடியாது என்று 1971-இல் தீர்ப்பு வந்தது. வாங்கியவர் வென்றார். ஆனால் இன்று அந்தத் தீர்ப்பை நம்பி யாரும் அசட்டையாக இருந்துவிட வேண்டாம். வீட்டின் சொத்து வரி அடையாள எண்ணை (பி.டி.ஐ.என்.) இணையத்தில் தட்டினால் பாக்கி எவ்வளவு என்று தெரிந்துவிடும் காலத்தில், ‘எனக்குத் தெரியாது’ என்ற வாதம் எத்தனை தூரம் எடுபடும்? பாக்கியில்லா ரசீதை விற்பவரிடம் கேட்டு வாங்கிய பிறகு முன்பணம் கொடுப்பதே மேல்.

வரி எப்படிப் போடப்படுகிறது என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. ராமச்சந்திராபுரம் 2007 ஏப்ரல் 16 வரை தனி நகராட்சி. அன்றுதான் 12 நகராட்சிகளும் 8 ஊராட்சிகளும் ஹைதராபாத்தோடு இணைந்து பெருமாநகராட்சியாகின. அந்த மாநகராட்சி வகுத்த கணக்கு வாடகை மதிப்பை வைத்துப் போடப்படுவது. ஒரு பேச்சுக்கு, 1,000 சதுர அடி வீட்டுக்குச் சதுர அடிக்கு மாதம் 1 ரூபாய் மதிப்பு என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 12,000. மாத மதிப்பு 300 ரூபாயைத் தாண்டினால் வரி 30 சதவீதம், ஆக 3,600. அதில் தேய்மானத்துக்கு 10 சதவீதம் கழித்தால் 3,240. நூலக வரி 8 சதவீதம் சேர்த்தால் ஏறக்குறைய 3,499 ரூபாய். மாத மதிப்பு 300-க்குள் இருந்தால் விகிதம் படிப்படியாக 17 சதவீதம் வரை இறங்கும்.

தவறு நேரக்கூடிய இடம் அளவும் பயன்பாடும்தான். பில்லில் உள்ள சதுர அடியைப் பத்திரத்தோடு ஒப்பிட வேண்டும். மாடியில் குடிவந்தவர் பியூட்டி பார்லர் தொடங்கினால் அந்தப் பகுதி வணிகக் கணக்குக்கு மாறும். பார்லர் மூடிய பிறகும் பில் பழையபடியே வந்தால் மறுபரிசீலனை மனு கொடுக்கலாம். கொடுக்காமல் பில் கலெக்டரிடம் வாய்ச்சண்டை போடுவதில் பயனில்லை. அனுமதியில்லாக் கட்டுமானத்துக்கு வரியின் மீது 25 முதல் 100 சதவீதம் வரை அபராதம் உண்டு. அதைக் கட்டிவிட்டதால் அந்தக் கட்டுமானம் சட்டப்படியானதாகிவிடாது.

காலம் தவறினால் மாதத்துக்கு 2 சதவீதம் வட்டி, அதாவது ஆண்டுக்கு 24. வங்கியில் வீட்டுக் கடனுக்குக்கூட இந்த வட்டி கிடையாது. மாறாக, நடப்பு ஆண்டு வரி முழுவதையும் ஏப்ரல் 30-க்குள் கட்டினால் 5 சதவீதத் தள்ளுபடி. பழைய பாக்கிக்கு இது பொருந்தாது. சென்னையில் ஒவ்வோர் அரையாண்டின் முதல் 30 நாட்களுக்குள் கட்டினால் 5 சதவீதம், உச்சவரம்பு 5,000 ரூபாய்.

இன்னொரு பக்கம், ஹைதராபாத்தில் 2020, 2022, 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் பாக்கிக்காரர்களுக்கு வட்டியில் 90 சதவீதம் தள்ளுபடி தரப்பட்டது. ஒழுங்காகக் கட்டியவருக்கு ஐந்து, இழுத்தடித்தவருக்குத் தொண்ணூறு! எரிச்சல் வருவது நியாயம்தான். ஆனால் அசலில் ஒரு பைசா குறையவில்லை, மீதி வட்டியையும் சேர்த்து ஒரே தவணையில் கட்ட வேண்டும். அடுத்த சலுகை வரும் என்று எந்தச் சட்டமும் உறுதி சொல்லவில்லை.

வசூலிக்கும் அதிகாரத்துக்கும் எல்லை உண்டு. நோட்டீஸ் கொடுக்கலாம், ஜப்தி வாரண்ட் பிறப்பிக்கலாம். 2015-இல் ஹைதராபாத் மாநகராட்சியினர் பாக்கிக்காரர்களின் கட்டடங்களுக்கு முன்னால் குப்பைத் தொட்டிகளை வைத்து மானத்தை வாங்கப் பார்த்தார்கள். விஷயம் உயர் நீதிமன்றத்துக்குப் போய்க் கண்டனம் கிடைத்தது.

ரசீதின் பலத்துக்கும் எல்லை உண்டு. வருவாய்ப் பதிவேட்டில் பெயர் மாறிவிட்டதாலேயே சொத்துரிமை வந்துவிடாது என்பதை உச்ச நீதிமன்றம் 2021-இலும் திரும்பச் சொன்னது. வரி ரசீதும் அப்படியே. பத்திரத்தின் இடத்தை அது பிடிக்காது. அதற்காகப் பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடுவதும் சரியல்ல. அப்பா காலமாகிப் பல ஆண்டுகளான பின்னும் அவர் பெயருக்கே பில் வர, பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து ஆன்லைனில் கட்டிக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு. இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வைத்து அப்போதே மாற்றியிருந்தால் ஒரு மனுவோடு முடிந்திருக்கும். விற்கும் நேரத்தில் அத்தனை வாரிசுகளின் கையெழுத்தையும் தேடி அலைய வேண்டியிருக்கிறது.