உப்புச் சிரட்டை யார் கையில்?

எமது கிராமங்களில் ‘பிரஷர்’ இல்லாத வீடு அரிது. அரசாங்க ஆஸ்பத்திரியில் மாதாந்தம் கிளினிக் உண்டு, குளிசையும் இலவசம். ஆயினும் ஒழுங்காகக் குளிசை போடும் சிலருக்கு அழுத்தம் குறைவதாயில்லை. மருந்தைக் குறை சொல்லுமுன் வீட்டு அடுப்படியை எட்டிப் பார்ப்போம்.

சோற்றுக்கு உப்பு, கறிக்கு உப்பு, சம்பலுக்கு வேறாக உப்பு. போதாததற்குக் கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய். ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மட்டமாக அள்ளினால் ஒரு தேக்கரண்டி, அவ்வளவுதான். மிஞ்சும் உப்பு உடலில் நீரைத் தேக்க, இரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறுகிறது. பாரிசவாதம் வரும்வரை பலருக்கு இது தெரிவதுமில்லை. (கல்லுப்பு கெடுதல் செய்யாது என்போரும் உளர். அதுவும் உப்புத்தான்.)

கிளினிக்கில் ஆலோசனை கேட்பவர் கணவர், சமைப்பவர் மனைவி. கேட்டது அடுப்படிக்கு வந்து சேர்வதில்லை. நோயாளி தாயாக இருந்தால் இன்னும் சங்கடம். தனக்காகப் பிள்ளைகள் ஏன் சப்பென்று சாப்பிட வேண்டும் என்று, தனக்கு மட்டும் வேறு சட்டி வைப்பார். விறகும் நேரமும் போதாமல் சில நாட்களில் அதையும் கைவிடுவார்.

ஆகவே எல்லோருக்கும் ஒரே சட்டி, அதில் குறைந்த உப்பு என்பதே நாம் சொல்வது. சிறிது சிறிதாகக் குறைத்தால் சில வாரங்களில் நாக்குப் பழகிவிடும். தேசிக்காய்ப் புளியும் உள்ளியும் இஞ்சியும் ருசிக்குக் கைகொடுக்கும். கருவாட்டை ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சமையுங்கள். அடுத்த கிளினிக்குக்குச் சமைப்பவரையும் கூட்டிச் செல்லுங்கள்.