பகலில் எரியும் விளக்கு

டயகம கடைத்தெருவில் நண்பகலிலும் விளக்கெரியும் கடைகளை நாம் கண்டதுண்டு. வெளியே வெயில் காய்கின்றது; உள்ளே இருள். முன்வாசல் வழி வரும் ஒளி, நீண்டொடுங்கிய அறையின் பின்பாதியை எட்டுவதில்லை. 2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரி 75 வீதம் உயர்ந்தபின் இவ்விருள் வணிகரின் வருவாயையே அரிக்கலாயிற்று.

பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்றை நோக்குவோம். கொழுந்து வாட்டும் மேல்மாடிகளில் வரிசை வரிசையாய்ச் சாளரங்கள். காற்றுக்கென வைத்தவை ஒளியையும் தந்தன. ஈரம் மிகுந்த நாள்களில், கீழ்த்தளத்து உலர்த்தும் பொறியின் வெப்பத்தையே மேலே செலுத்தி வாட்டினர். வீணாகும் வெப்பத்திற்கும் அங்கே வேலையிருந்தது. (பாய்லருக்கு அருகே மேசையிடும் தேநீர்க் கடைக்காரரும் இக்கலையில் வல்லவரே!)

நிலநடுக்கோட்டிற்கு வடக்கே சுமார் ஏழு பாகையிலுள்ள நமக்கு, உச்சி வெயில் கூரைமீதே விழுகின்றது. ஆகவே தகரமொன்றை நீக்கி ஒளிபுகும் தகடொன்றைப் பதித்தால் பகல்விளக்கு வேண்டியதில்லை. இரவில் தகரம் விரைந்து குளிரும். அதன்கீழே பலகைத்தட்டு அடித்தால் இடைப்பட்ட காற்று குளிரைத் தடுக்கும். குளிர்ப்பெட்டியைச் சுவரோடு ஒட்டாமல் வைத்தால் அதன் வெப்பம் எளிதில் வெளியேறும், மின்செலவும் குறையும்.

தகடு பதிப்போர் ஒன்றை மறவற்க: ஓரங்களை நன்கு மூடாவிடில், தென்மேல் பருவமழை சீனிமூட்டையின்மீதே இறங்கிவிடும்.