ஆறு வாரங்களின் பின் வரும் கடிதம்

ஜேர்மனியில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் எம்மவர்களைக் கலங்கடிக்கும் கடிதங்களில் ஒன்று, நீண்ட நோய்விடுப்பின் பின் நிர்வாகம் அனுப்பும் உரையாடலுக்கான அழைப்பு. வேலைநீக்கத்தின் முன்னறிவிப்பாகவே பலரும் இதனை வாசிக்கின்றனர். பதில் எழுதாமலே விட்டுவிடுபவர்களும் உளர். எனவே இதன் சட்டப் பின்னணியை விளங்கிக்கொள்வது அவசியமாகின்றது.

12 மாதங்களுக்குள், தொடர்ச்சியாகவோ விட்டுவிட்டோ, 6 வாரங்களுக்கு மேல் ஒரு தொழிலாளி நோயுற்றிருப்பின், அவர் மீண்டும் வேலை செய்வதற்கான வழிகளை அவருடன் சேர்ந்து ஆராய்வது முதலாளியின் கடமை. 2004 இல் வந்த இந்த ஏற்பாடு இன்று சமூகச் சட்டக்கோவையின் ஒன்பதாம் நூலில் 167 ஆம் பிரிவாக உள்ளது. தொழிலாளியின் சம்மதமின்றி எதுவும் நடத்த முடியாது. நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. எந்த வேலையைச் செய்ய முடியாதுள்ளது என்பதைச் சொன்னால் போதும். 2021 முதல், தான் நம்பும் ஒருவரைத் தொழிலாளி உடன் அழைத்துச் செல்லலாம்.

நான் வேலை செய்வது பெட்டி அடுக்கும் பகுதியில். தோள்மூட்டுப் பழுதான ஒருவருக்கு மருந்தும் ஓய்வும் கொடுத்துவிட்டு, தலைக்கு மேல் பெட்டி அடுக்கும் அதே இடத்துக்குத் திருப்பி அனுப்பினால், சில மாதங்களில் அவர் மறுபடியும் டொக்டரிடம்தான் போவார். தூக்கும் இயந்திரம், மேசையின் உயரம், இரவு வேலையிலிருந்து விலக்கு ஆகியவையே அங்கு கேட்கப்பட வேண்டியவை.

'ஹம்பேர்க் முறை' என்ற ஒரு வழியும் உண்டு. டொக்டர் வகுக்கும் திட்டப்படி நாளுக்கு 2 மணித்தியாலம், பின்னர் 4, பின்னர் 6 என்று படிப்படியாக வேலைக்குத் திரும்பலாம். இக்காலத்தில் அவர் சட்டப்படி இன்னும் நோயாளியே. முதல் 6 வாரம் முதலாளி சம்பளம் கொடுத்து முடிந்திருப்பதால், இப்போது கிடைப்பது மருத்துவக் காப்புறுதியின் கொடுப்பனவு. அது மொத்தச் சம்பளத்தின் 70 வீதம். கைக்கு வரும் சம்பளத்தின் 90 வீதத்தை அது தாண்டாது.

உழைப்புச் சக்தியைப் பழுதுபார்த்து மீண்டும் சுரண்டும் ஏற்பாடே இது என வாதிடும் நண்பர்கள் உண்டு. விரிவுரை மண்டபத்தில் நின்றிருந்தால் நானும் அவ்வாறே சொல்லியிருப்பேன். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் முறையான அழைப்பை நாம் மறுத்தால், பின்னர் நோயைக் காட்டி வேலைநீக்கம் செய்யும் முதலாளி, 'அழைத்தேன், வரவில்லை' என நீதிமன்றில் கூறலாம். அழைக்கவேயில்லை என்றால், அந்த உரையாடலால் எந்தப் பயனும் விளைந்திராது என்பதை அவரே நிரூபிக்க வேண்டும். எமது மௌனம் அவரது சுமையை இறக்கி வைக்கின்றது.

இங்கு மொழி தெரிந்த எம் போன்றோருக்கு ஒரு வேலை இருக்கின்றது. கடிதத்தை மொழிபெயர்த்துக் கொடுப்பதோடு நின்றுவிடாமல், அந்த மேசையில் அவருக்குப் பக்கத்தில் உட்கார நாம் தயாரா?