‘வேண்டுமென்றே’ எந்த வினையைப் பிடிக்கிறது?

திண்டிவனம் பக்கத்தில் ஒரு கிராமம். புகார் கொடுக்க வந்த அம்மா சொன்னது இது: “வேணும்னே வழிமறிச்சி, சாதியச் சொல்லித் திட்டுனாங்க.” காவல் நிலையத்துத் தாளில் ஏறியது இது: ‘வேண்டுமென்றே வாக்குவாதம் செய்து, வழிமறித்துத் திட்டியதாக.’ சாதி காணாமல் போனதை உடனே பார்த்துவிட்டோம். அடை இடம்பெயர்ந்ததை யாரும் பார்க்கவில்லை. விழுப்புரத்தில் வழக்கறிஞர் நண்பர் ஒருவர் ஆங்கிலச் சட்டத்தைப் பிரித்துவைத்துச் சொன்ன பிறகுதான் உறைத்தது.

தமிழில் வினையடை வினைக்கு முன்னால் வரும். ஆனால் நம் வாக்கியம் எச்சங்களைக் கோத்துக்கொண்டே போய் முற்றில் நிற்பது. தலைப்பில் நிற்கும் ‘வேணும்னே’ வழிமறித்ததை மட்டும் பிடிக்கிறதா, திட்டியது வரை ஓடுகிறதா? பேச்சில் குரலின் அழுத்தம் அதைச் சொல்லிவிடும். எழுதுகிறவர் கையில் அழுத்தம் இல்லை, இடம் மட்டுந்தான் இருக்கிறது.

தொல்காப்பியர் கண்ட சொல்வகை நான்கு: பெயர், வினை, இடை, உரி. வினையடை என்று தனியே ஒன்று இல்லை. நாம் அடை என்பதில் கணிசமானவை வினையின் எச்சங்களே. ‘உரக்கப் பேசினான்’, ‘வயிறாரத் தின்றான்’ என்பவற்றில் உரக்க, ஆர இரண்டும் செயவெனெச்சம். ஆங்கில இன்ஃபினிடிவுக்கு நாம் இணைவைப்பதும் இதே செயவெனெச்சத்தைத்தான். அங்கே இரண்டு உறுப்புகள் செய்யும் வேலையை இங்கே ஒன்றே பார்க்கிறது. ‘வேண்டுமென்றே’ இன்னும் விசித்திரம். ‘வேண்டும் என்று’ சொல்கிற ஒரு ஆள் அதற்குள் ஒளிந்திருக்கிறான்.

ஆங்கிலத்தில் அடைக்கு நடமாட்டம் அதிகம். வினைக்கு முன், துணைவினைக்குப் பின், வாக்கியக் கடைசி என எங்கும் நிற்கும். வினைக்கும் அதன் செயப்படுபொருளுக்கும் நடுவில் மட்டும் சாதாரணமாக நுழையாது. செயப்படுபொருள் நீண்ட தொடராக இருந்தால் அதற்கும் விலக்கு உண்டு. ‘டு’வுக்கும் வினைக்கும் நடுவே அடையைச் செருகலாமா என்பது ஒரு நூற்றாண்டுச் சண்டை. 1864இல் ஹென்றி ஆல்ஃபோர்ட் கூடாது என்றார். 1926இல் ஃபௌலர் அந்தப் பயத்தையே கேலி செய்தார். நம் ஊர் ஆங்கில வாத்தியார்கள் இன்றும் ஆல்ஃபோர்ட் பக்கம். ஆனால் அடையின் இடம் வெறும் நடை விவகாரமும் இல்லை. 2009 ஜனவரி 20 அன்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் ‘ஃபெய்த்ஃபுலி’ என்ற ஒரு சொல்லை இடம் மாற்றிச் சொல்லிக்கொடுக்க, ஒபாமா மறுநாள் இன்னொரு முறை பதவியுறுதி எடுத்துக்கொண்டார்.

1978இல் 12 தலித்துகள் கொல்லப்பட்ட ஊர் விழுப்புரம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வர அதற்குப் பின் 11 ஆண்டுகள் ஆயின. 1989இல் இயற்றப்பட்ட அச்சட்டத்தின் 3(1)(x), 2015 திருத்தத்துக்குப் பின் 3(1)(r). பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ ‘இன்டென்ஷனலி’ அவமதிப்பது அல்லது அச்சுறுத்துவது, ‘வித் இன்டென்ட் டு ஹ்யூமிலியேட்’, பொதுமக்கள் பார்வைக்குட்பட்ட எந்த இடத்திலும். இதுதான் குற்றம். நோக்கம் இரண்டு முறை வருகிறது, ஒருமுறை அடையாக, மறுமுறை இன்ஃபினிடிவைச் சுமந்த தொடராக. தற்செயலாகத் திட்டவில்லை என்று காட்டினால் போதாது, இழிவுபடுத்தவே திட்டினான் என்றும் காட்டியாக வேண்டும். இந்த ‘இழிவுபடுத்த’ வினைக்கும் ஆளுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பதால், கடைசியில் வரும் இடத்தொடர் எதைப் பிடிக்கிறது என்பதும் கேள்வியாகிறது. ஊரார் முன் அவமதித்ததா, ஊரார் முன் இழிவுபடுத்தும் எண்ணமா? இலக்கணம் இரண்டுக்கும் இடம் தருகிறது. நீதிமன்றங்கள் அவமதிப்போடுதான் சேர்த்து வாசிக்கின்றன. 2008 ஸ்வரண் சிங் வழக்கிலும் 2020 ஹிதேஷ் வர்மா வழக்கிலும் உச்ச நீதிமன்றம் நான்கு சுவருக்குள்ளா, வெளியார் பார்வையிலா என்று அலசியது இதனால்தான். தமிழில் பெயர்ப்பவருக்கு இந்த மழுப்பல் வசதி குறைவு. ‘பார்வையில் படும் இடத்தில்’ என்பதை இழிவுபடுத்தும் என்பதற்கு முன் வைப்பதா, அவமதிப்பவர் என்பதற்கு முன் வைப்பதா என்று அவர் முடிவுசெய்தே தீரவேண்டும். அப்படி முடிவுசெய்வது தீர்ப்பு எழுதுகிற வேலை.

2015 திருத்தம் பக்கத்திலேயே (s) என்ற பிரிவைச் சேர்த்தது. பொதுப் பார்வையில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது குற்றம். ‘இன்டென்ஷனலி’ இதில் கிடையாது. தாளில் சாதி காணாமல் போனால் இந்தப் பிரிவு முழுசாகக் கைநழுவும்.

அதே திருத்தத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. பழைய சட்டம் வாக்களிக்காதிருக்கும்படி, ‘நாட் டு வோட்’, கட்டாயப்படுத்துவதையும் அச்சுறுத்துவதையும் குற்றமாக்கியது. இப்போது 3(1)(l) பிரிவில் ‘பிரிவென்ட்ஸ்’ என்ற வினையையும் கூடச் சேர்த்துவிட்டார்கள். ‘நாட்’ இன்ஃபினிடிவோடு ஒட்டி நிற்பதால் சொல்லுக்குச் சொல் வாசித்தால் வருவது: வாக்களிக்காதிருப்பதைத் தடுப்பவர் குற்றவாளி! சட்டத்தின் நோக்கத்தைப் பார்த்து நீதிமன்றம் நேர் செய்துகொள்ளும் என்று நம்பலாம். தமிழில் இந்தப் பிழை செய்வதே கஷ்டம். செயவெனெச்சத்துக்கு ‘நாட்’ போல முன்னொட்டு எதுவும் இல்லை. ‘செய்யாமலிருக்க’ என்று இன்னொரு வினையைக் கூப்பிட வேண்டும், அப்போது கோணல் காதிலேயே இடிக்கும்.

இனி அதிகாரியைப் பிடிக்கும் அடை. பிரிவு 4: பட்டியல் சாதி, பழங்குடி அல்லாத அரசு ஊழியர் தன் கடமையை ‘வில்ஃபுலி’ புறக்கணித்தால் 6 மாதம் முதல் 1 ஆண்டு வரை சிறை. செய்ததில் மனசைக் காட்டலாம், செய்யாமல் விட்டதில் எப்படிக் காட்டுவது? கடமை எது என்று முன்பு விளக்கமாக இல்லை. 2015க்குப் பின் 4(2) அதை இன்ஃபினிடிவ்களாகவே அடுக்குகிறது. வாய்மொழியாகச் சொன்னதை எழுதியபின், கையொப்பம் வாங்குமுன், சொன்னவருக்கு வாசித்துக் காட்ட. வழக்குப் பதிய. நகலை ‘ஃபோர்த்வித்’, அதாவது உடனே, கொடுக்க. நாளைக்கு வா என்பவரைக் கேட்க இந்த ஓர் அடை கையில் இருக்கிறது.

அந்த அம்மாவின் புகாரை இரண்டாம் முறை எழுதியபோது வாசித்துக் காட்டச் சொன்னோம். எழுத்தர் சலித்துக்கொண்டேதான் வாசித்தார். ‘வேண்டுமென்றே’ வந்ததும் அம்மா கையைத் தூக்கி நிறுத்தினார். “அத திட்டுனதுக்குப் பக்கத்துல போடுங்க சார்.”